ஆள் பொறுக்கும் சுவர்

கிழக்கு வெளுக்குமுன் மாதா கோயில் சுவரோரம் வந்து நிற்பதுதான் எங்கள் அலென்தேஜோ கோதுமைச் சீமையில் கூலிச்சனத்தின் அன்றாட முதல் வேலை. களைக்கொத்து தோளில், தொப்பி கையில், வாய்க்குப் பூட்டு. கங்காணியான நான் ஆள் பொறுக்கக் கோலை நீட்டிக்கொண்டே வருவேன். கோல் யார் பக்கம் நீள்கிறதோ அவர்கள் பனியில் நனைந்த கோதுமைக்குள் இடுப்பு ஒடியக் குனிந்து களை பிடுங்கலாம். மற்றவர்கள் பட்டினி. கங்காணி ஜசிந்த்தோ என்றால் அழுகிற பிள்ளையும் வாய் மூடும். பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கங்கெட்டுச் சொல்கிறேன்.

"பொழுது சாஞ்ச பிறகும் எதுக்குக் குனியணும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள் கூலிக்காரி பிரிசிடா. அவள் பக்கம் கோல் போகக்கூடாது என்றார் நிலக்காரர் ஃபல்கவுன். நாலு வருஷம் போகவில்லை. பன்றிக்கு விட்ட ஓக் கொட்டையைப் பொறுக்கிப் பிள்ளைகளுக்கு வேகவைத்தாள். அதற்கும் காவலர்கள் அவளைப் பிடித்துப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிப்பாய்கள் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்து ஒரு வருஷம் ஆனது. புது அரசியல் சட்டம் எழுதும் சபைக்கு எங்கள் மாவட்டமும் ஆள் அனுப்ப, மாதா கோயிலுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் ஓட்டு வைத்தார்கள். விடியலிலேயே சனம் வந்துவிட்டது. வந்து எங்கே நின்றது? அதே சுவரோரம். களைக்கொத்தும் தொப்பியுமாக.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. "வாங்க, உள்ள வாங்க" என்றார் வாத்தியார். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். கோல்கூட இல்லாத வெறுங்கை.

ஃபல்கவுனின் கார் வந்து நின்றது. "பாத்தியா ஜசிந்த்தோ, நீ காட்டாம நகராதுங்க. நம்ம கட்சிச் சின்னத்தைச் சொல்லி ஒவ்வொருத்தரா அனுப்பு. அறுவடை வருது, ஞாபகம் இருக்கட்டும்."

நான் சுவரின் கோடிக்கு நடந்தேன். பொறுக்கப்படாதவர்கள் நிற்கும் மூலையில் பிரிசிடா.

"பிரிசிடா, நீ முதல்ல போ."

"நீ சொல்லித்தான் போகணுமா? நாலு வருஷம் இங்கயே நின்னேனே, அப்ப வாய் வரலியே கங்காணி?"

"தப்புதான். பெரிய பாவம் பண்ணிட்டேன். இப்ப நான் என்ன செய்ய?"

"ஆள் காட்டுறத விடு. கையை மடக்கிட்டு என் பின்னால நில்லு."

தொப்பியைக் கழற்றி அவள் பின்னால் நின்றேன். யாரும் கூப்பிடாமலே அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். ஒரு களைக்கொத்து சுவரில் சாய்ந்தது. இன்னொன்று சாய்ந்தது. பிறகு சனம் மொத்தமும் எங்கள் பின்னால் வந்தது.

"அறுவடைக்கு இதுல ஒருத்தரையும் எடுக்க மாட்டேன்!" என்றார் ஃபல்கவுன்.

பிரிசிடா திரும்பினாள். "இனிமே பொறுக்கறதே கிடையாது ஐயா. எடுத்தா எல்லாரையும் எடுங்க. இல்லன்னா வயல்ல ஒருத்தரும் இறங்க மாட்டோம்."

"ஆமா" என்றார்கள் பின்னால் நின்றவர்கள். கார் கிளம்பிப் போனது.

ஓட்டுப் போட்டு வெளியே வந்தோம். சட்டம் எழுத மாதங்கள் ஆகும். நாளை வேலை உண்டா என்பதே தெரியாது. என்னை மன்னித்தாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவளே சொன்னாள்: "நாளைக்கு நீயும் சுவத்தோரம் எங்களோட நிக்கணும். நான் நின்ன அந்த மூலையில நில்லு. காத்து குத்தும், தோளுக்கு ஒரு சாக்கு கொண்டா."