தகப்பன் பெயர் ஓர் எழுத்து

றீற்றா இரண்டு பனிக்காலம் உட்கார்ந்து எழுதிய இரண்டாயிரத்து முந்நூறு பெயர் அட்டைகளும் பிழை என்று ஒமாரி கண்டுபிடித்தபோது, வாக்கெடுப்புக்கு ஒன்பது நாட்களே இருந்தன.

பார்க்டேலில் உள்ள அந்தக் கூட்டுறவுக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்து அறையில் காப்பகம் இருந்தது. ரொறன்ரோவில் வாழ்ந்த கறுப்பினப் பால்புதுமையினரின், அதாவது தன்பாலினரை விரும்பியோர், திருநர் போன்றோரின் படங்கள், கடிதங்கள், நடன இரவுகளின் துண்டறிக்கைகள், ஒலிநாடாக்கள், அஞ்சலிக் குறிப்புகள். மொத்தம் நூற்றுப்பத்துப் பெட்டிகள். ட்ரினிடாட்டில் பிறந்த வெர்லின் அதைத் தன் கட்டிலுக்கடியில் தொடங்கியவர். இப்போது வயது எழுபத்தொன்று. ஒரு பல்கலைக்கழகம் இரண்டு தடவை வந்து எல்லாவற்றையும் தா என்று கேட்டது. வெர்லின் மறுத்துவிட்டார். தந்தவர்கள் எல்லோரும் "எங்கள் ஆட்களின் கையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லித்தான் தந்திருந்தார்கள்.

இப்போது குடியிருப்பின் நிர்வாகக்குழு அந்த அறையைச் சைக்கிள்களுக்கும் பனிக்காலக் கார் ரயர்களுக்கும் கேட்டது. "பாவனையில் இல்லாத அறை. உள்ளே இருப்பதில் எதையும் தேடி எடுக்க முடியாது" என்று அறிவித்தல் ஒட்டி, குடியிருப்பாளர் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். அறை போனால் பெட்டிகள் பல்கலைக்கழகத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

றீற்றா அதே கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருப்பவர். மன்னாரிலிருந்து வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் கோப்பு அறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் உடுப்புத் தோய்க்க இறங்கியவர், திறந்திருந்த கதவுக்குள்ளால் பெட்டிகளைப் பார்த்து, இப்படி அடுக்கினால் ஒன்றையும் எடுக்கேலாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். வெர்லின் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து றீற்றா அங்கேதான்.

ஆஸ்பத்திரியில் எல்லாமே இலக்கம். ஆட்களின் பெயரை வைத்து அடுக்குவது இதுதான் அவருக்கு முதல் தடவை.

"பிறவுண் எங்கே? காம்பெல் எங்கே?" என்று ஒமாரி அட்டைகள் இருந்த லாச்சிகளை மாறிமாறி இழுத்தார். பகலில் நூலகத்தில் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர். அட்டைகளைக் கணினியில் ஏற்ற வந்திருந்தார். "டி எழுத்துக்குக் கீழே 'பி. டெல்ராய்' என்று இருக்கிறது. இந்த பி யார்?"

"அது தேப்பன்ரை பேர்," என்று தமிழில் சொல்லிவிட்டு, அவர் முழிப்பதைக் கண்டபிறகு றீற்றா ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார்.

மன்னாரில் பள்ளிக்கூட வரவு இடாப்பில் அப்படித்தான். தகப்பன் பெயர் முன்னால் ஓர் எழுத்து. பிள்ளையின் பெயர் பின்னால் முழுசாக. கை யோசிக்காமல் எழுதியிருந்தது. டெல்ராய் பிறவுண், பி. டெல்ராய் ஆகிவிட்டார். இரண்டாயிரத்து முந்நூறு பேரின் குடும்பப் பெயர்களும் ஒவ்வோர் எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தன.

"உலகத்தில் எந்த நூலகத்திலும் இப்படிக் கிடையாது," என்றார் ஒமாரி.

றீற்றாவுக்குக் காது சுட்டது. "நான் எல்லாத்தையும் திரும்ப எழுதுறன்."

"ஒன்பது நாளிலா?"

வெர்லின் வி லாச்சியைத் திறந்து தன் அட்டையை எடுத்தார். 'ஜே. வெர்லின்.' ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்பதில், தன் பெயரைத் தூக்கிக்கொண்டு திரியவேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர் அவருடைய தகப்பன். அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"மிஸ் றீற்றா, அந்த மனிசனை ஒரே ஓர் எழுத்தாக ஆக்கிவிட்டாய்! இந்த அட்டைகளில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. எங்களில் பாதிப்பேர் வீட்டாருக்குப் பயந்து குடும்பப் பெயரை வெளியே சொன்னதேயில்லை. தேடி வருகிறவர்கள் கேட்பதும் ஆளின் பெயரைத்தான்."

"கூட்டத்தில் யாராவது குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டால்?" என்றார் ஒமாரி.

"தோற்போம்," என்றார் வெர்லின்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொது மண்டபத்தில் அறுபது பேர் கூடினார்கள். நிர்வாகக்குழுத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா மைக்கைப் பிடித்து, சைக்கிள்களின் அவல நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசினார். பிறகு முன்வரிசையில் இருந்த றீற்றாவிடம் தமிழுக்கு மாறினார்.

"தங்கச்சி, ஆரைக் கேட்டாலும் எடுத்துத் தருவம் எண்டு சொல்லித் திரியிறியளாம். சரி, எனக்கு டெல்ராயை எடுத்துத் தாங்கோ பாப்பம்."

"எந்த டெல்ராய் அண்ணை?"

"எண்பத்தெட்டிலை குயின் வீதி ரெஸ்ரோறன்ரிலை என்னோடை கோப்பை கழுவினவன். ஜமேக்காக்காரன்."

பின்வரிசையில் இருந்த ஜோசப்பின் என்ற தமிழ்ப் பெண் கேட்டார்: "அண்ணை, அவர் அப்பிடியான ஆளெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அவன் நல்ல பெடியன். உவையின்ரை பெட்டியிலை இருக்கமாட்டான். அதாலைதானே கேக்கிறன்!"

மண்டபம் சிரித்தது. நடந்ததை ஊகித்த ஒமாரி எழுந்து, டெல்ராயின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்.

"அவன்ரை தேப்பன்ரை பேரை நான் என்னத்துக்குக் கேக்கப்போறன்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா, உண்மையிலேயே விளங்காதவராக.

றீற்றா எழுந்து போய்விட்டிருந்தார். படியில் இறங்கும்போது முழங்கால் நோகவே இல்லை. டி லாச்சியில் ஆறு டெல்ராய்கள் இருந்தார்கள். ஒருவர் பஸ் சாரதி, ஒருவர் பாடகர், ஒருவர் பாதிரியார். நான்காவது அட்டையில், 'சமையலறை, குயின் வீதி' என்று றீற்றாவின் கையெழுத்திலேயே இருந்தது. மூலையில் பச்சைப் புள்ளி: பெயரோடு யாருக்கும் காட்டலாம் என்று ஆளே கையெழுத்து வைத்த அடையாளம். புள்ளி இல்லாதிருந்தால் றீற்றா வெறுங்கையோடுதான் மேலே போயிருப்பார்.

நான்கு நிமிடத்தில் அந்த டெல்ராயின் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து தலைவரின் மேசையில் வைத்தார். மழையில் ஓர் உரிமை ஊர்வலப் பதாகையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர். நடுவில் ஒருவர் சமையலறை ஏப்ரனோடு, வேலையிலிருந்து நேரே ஓடி வந்தவரைப்போல.

ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"எனக்கு முதல் வின்ரர் கோட் தந்தவன்," என்றார். மைக் அணைக்கப்படாததால் எல்லோருக்கும் கேட்டது. "இப்ப எங்கை இருக்கிறான்?"

"தொண்ணூற்றிமூண்டிலை மோசம் போயிட்டார் அண்ணை. கூட்டாளியள் எழுதின அஞ்சலி கீழை இருக்கு."

"நான் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டிட்டான் எண்டெல்லோ நினைச்சன்."

படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு ஜோசப்பின், "வோட்டை எடுங்கோ அண்ணை" என்றார்.

காப்பகம் இருக்கட்டும் என்பவர்கள் கையை உயர்த்தினார்கள். தலைவர் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணி, நாற்பத்தேழு என்று அறிவித்தார். பிறகு தன் கையையும் உயர்த்தி, "நாப்பத்தெட்டு" என்றார்.

ஒமாரி கதிரையில் ஏறி நின்று கத்தினார். வெர்லின் கத்தவில்லை, அரசி மாதிரி எழுந்து நின்று மண்டபத்தின் நான்கு பக்கமும் தலையசைத்தார். கைதட்டல் ஓயும் வரை உட்காரவே இல்லை. ஒரு பெண் முன்னால் வந்து தன் மாமன் ஒருவரைத் தேட முடியுமா என்று கேட்டாள். பெயர் மட்டும்தான் தெரியுமாம். "அது போதும்," என்றார் ஒமாரி, கதிரையில் நின்றபடியே.

றீற்றா கீழே இறங்கியபோது, ஸ்ரீஸ்கந்தராசா காப்பகக் கதவடியில் முதல் ஆளாக நின்றார்.

"அந்த அஞ்சலியை ஒருக்கால் வாசிக்கலாமோ தங்கச்சி?"

"ஓம், வாசிக்கலாம்," என்றார் றீற்றா, கதவைத் திறந்தபடி. "பழைய கடதாசியள். முதல்லை போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ."