சலவை இயந்திரத்துக்கு ஒரு மைக்

பயணத்துக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: திரும்பி வரும்வரை யாருடைய துணியையும் துவைக்க மாட்டேன். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். கணவர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. என்னோடு கிளம்பவிருந்த நாத்தனார் மட்டும், "சூப்பர் அண்ணி, அவங்கவங்க துணி அவங்கவங்க பொறுப்பு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முப்பது வயதாகியும் ஒரு கைக்குட்டையைக்கூட அலசி அறியாதவள். வீட்டில் இன்னும் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர்.

முதுகில் ஆளுக்கொரு பை, வெளிநாட்டு நகரமொன்றில் எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறை. பகலெல்லாம் தூங்கிவிட்டு, இருட்டியதும் குட்டி என்னை இசை கேட்க இழுத்துப் போவாள். பாட்டு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பாட்டு ஊரே கேட்பது. இது மாற்று இசை. நடக்கும் இடத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கக் கூடாது. உட்கார நாற்காலி கூடாது. காதுக்கு இதமாக ஏதாவது வந்துவிட்டால் கூட்டம் முகம் சுளிக்கும். ஒரு நிலவறையில் ஒருவர் இரும்புக் கதவை வயலின் வில்லால் தேய்த்தார். இன்னொரு இடத்தில் ஒரு பெண் மேடையேறி, நெடுநேரம் சும்மா நின்றுவிட்டு இறங்கிப் போனாள். குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

"நம்ம வீட்டு மிக்ஸி ரிப்பேரானப்ப இதைவிட நல்லா இருந்துச்சு."

"உங்களுக்குக் காது இன்னும் திறக்கல."

மூக்கு திறந்துதான் இருந்தது. அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளைச் சட்டைகூட அதற்குள் போய்விட்டது. "இங்க லாண்டரி எங்க இருக்குமோ?" என்று நான் படுத்திருக்கும் மேல்கட்டிலைப் பார்த்துக் கேட்பாள்.

"போனைக் கேளு" என்பேன்.

கறாராகச் சொல்லிவிட்டுத் தூக்கம் வராமல் கிடப்பேன். என் கை என்னைக் கேட்காமல் அந்தப் பையை நோக்கிப் போய்விடுமோ என்று பயம். குடியை விட்டவர்கள் கூடிப் பேசவாவது ஒரு சங்கம் இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

கடைசி இரவு, ஊர்க்காரர்களுக்கே தெரியாத இடம் ஒன்று இருப்பதாகச் சொல்லி அழைத்துப்போனாள். தெரியாத இடத்தின் வாசலில் தெருமுனைவரை வரிசை. வரிசையில் நிற்கும்போது கணவர் போன் செய்தார்.

"ஏம்மா, இந்த மெஷின்ல எந்த பட்டனை அமுக்கணும்?"

"முதல்ல வெள்ளையைத் தனியா பிரிங்க. பாக்கெட்டுல பேப்பர் இருக்கான்னு பாருங்க..."

சோப்புத்தூளின் அளவுவரை சொல்லி முடித்த பிறகுதான், கடல் தாண்டி நின்றுகொண்டு ஒரு கூடை துணி துவைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

உள்ளே போனால் அது சலவைக்கூடம். காசு போட்டால் சுற்றும் இயந்திரங்கள் சுவரோரமாக வரிசையாக நின்றன. நடுவில் இருந்த ஒன்றின் மேல் மட்டும் நான்கைந்து மைக்குகளை ஒட்டியிருந்தார்கள். இருபுறமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். மொட்டைத்தலை இசைஞர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பேசினார்.

"என்னடி சொல்றாரு?"

"நாமதான் அழுக்கைக் கொண்டு வரணுமாம். மெஷின் அதை இசையாக்குமாம்." சொல்லிக்கொண்டே முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள். "எனக்கு இத்தனை பேர் முன்னாடி போகக் கூச்சமா இருக்கு அண்ணி. நீங்க சும்மா உள்ள போட்டுட்டு வந்துருங்க."

"குட்டி, நான் என்ன சொன்னேன்?"

"இது துவைக்கிறது இல்ல அண்ணி. பங்கேற்பு."

இருநூறு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையை வாங்கிக்கொண்டு போனேன். சும்மா போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். கை கேட்கவில்லை. ஒவ்வொன்றாக உதறியது, பாக்கெட்டைத் துழாவியது, சுருண்டிருந்த சாக்ஸை நிமிர்த்தியது, வெள்ளைச் சட்டையைத் தனியே எடுத்து வைத்தது. காலரில் கறுப்பாக ஒரு கோடு.

"ச்சு" என்றேன்.

மைக் அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் அந்த "ச்சு" கூடம் முழுக்க விழுந்தது. கூட்டம் பரவசத்தோடு தலையாட்டியது. இசைஞர் கண்ணைத் திறந்தார்.

அது என் குரல் இல்லை. என் மாமியாருடையது. பதினாறு வருடங்களாக அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவே என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே "ச்சு". எந்த நாளில் அது என் வாய்க்குள் குடியேறியது? வீட்டில் தினமும் எத்தனை தடவை போடுகிறேன்? என் பிள்ளைக்கு நான் என்றால் இந்தச் சத்தம்தானோ? காது திறக்கவில்லை என்றாளே, இதற்குத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

தனியே வைத்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். கழுத்திலிருந்த சிவப்புச் சால்வையையும் பார்த்தேன். தண்ணீர் பட்டாலே சாயம் விடும் சால்வை. வாங்கிய நாளிலிருந்து தனி வாளியில் அலசிப் பாதுகாத்தது. கழற்றினேன். சட்டை, சாக்ஸ், சால்வை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி உள்ளே தள்ளிக் கதவை அறைந்து சாத்தினேன். வெந்நீர் பட்டன் எது என்று எந்த நாட்டு இயந்திரத்திலும் எனக்குத் தெரியும். அமுக்கினேன்.

"ஐயோ அண்ணி! என் சட்டை!"

குட்டியின் அலறல் மைக்கில் ஏறி, கூரையில் மோதித் திரும்பியது. கூட்டம் அந்த வாரம் முழுக்கத் தட்டாத கையை அப்போது தட்டியது. வட்டக் கண்ணாடிக்குள் தண்ணீர் மெல்லச் சிவந்தது. தரையிலேயே உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. வேலை செய்கிற ஒன்றின் சத்தத்தைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

விடுதிக்குத் திரும்பும் வழியில் குட்டி பத்தடி முன்னால் நடந்தாள். கணவர் மறுபடி அழைத்தார். "எல்லாம் பிரிச்சு வச்சுட்டேன். இப்ப எதை அமுக்கணும்?"

"கைக்குக் கிட்ட இருக்கிறதை அமுக்குங்க" என்று வைத்துவிட்டேன்.

காலையில் குட்டி அந்த ரோஸ் நிறச் சட்டையை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மாட்டினாள். வேறு துணி இல்லை. எதிர்க்கட்டில் பெண் எழுந்து வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள். குட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு ரோஸாகிப் போன சாக்ஸையும் ஒரு சோப்புக் கட்டியையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். குழாய் திறந்தது. தேய்க்கும் சத்தம் தப்பும் தவறுமாக வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கேட்டது:

"ச்சு."