மச்சாள் ஒட்டிய யன்னல்கள்

என் மச்சாள் சந்திரவதனா, என் புருசனின் அக்கா, கனடாவில் ஸ்ரௌவ்வில் நகரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தே குளிர், குளிர் என்று புலம்பத் தொடங்கிவிட்டார். சென் ஜேம்ஸ் ரவுணில் அவர் இருந்த மாடிக் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து வீடு முழுக்க நனைந்துபோனது. திருத்தி முடியும்வரை எங்களோடு இருக்கட்டும் என்றார் என் புருசன் கிருபன். நானும் தலையாட்டினேன். மனுசி பாவம் என்று நினைத்தேன். அந்தப் பாவம் ஒரு கிழமைக்கு மேல் நிலைக்கவில்லை.

எங்களுடையது புது வீடு. யன்னல்கள் இரட்டைக் கண்ணாடி போட்டவை. பூட்டினால் ஒரு சொட்டுக் காற்று உள்ளே வராது. மச்சாள் நம்பவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாகப் போய், யன்னல் விளிம்புகளில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். சாமிப் படத்துக்குக் காட்டவேண்டியதை என் யன்னல்களுக்குக் காட்டிக்கொண்டு திரிந்தார். புகை கொஞ்சம் ஆடினால் போதும், "இஞ்சை பார், காத்து வருது" என்பார். புகை என்றால் ஆடாதா? மனுசி விடுகிற மூச்சுக்கே அது ஆடும்.

நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் எல்லா யன்னல்களையும் ஒட்டி முடித்துவிட்டார். கடையில் விற்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள், இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப். தாளைச் சட்டத்தில் ஒட்டிவிட்டு, என் ஹெயார் டிரையரை எடுத்துச் சூடு காட்டியிருக்கிறார். சூடு பட்டால் சுருக்கமெல்லாம் போய்த் தாள் விறைத்துக்கொள்ளும். பார்க்கக் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், ஆனால் யன்னலைத் திறக்க ஏலாது. அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற குழாய் வழியாகவும் குளிர் வருகிறதாம். அதற்குள் ஒரு பழைய துவாயைத் திணித்து வைத்திருந்தார்.

அன்றிலிருந்து சமைத்த வாசம் எதுவும் வீட்டை விட்டுப் போகவில்லை. மீன் பொரித்தால் அது திரைச்சீலையில் இருந்தது, கட்டிலில் இருந்தது, என் ஜக்கெற்றில் இருந்தது. மார்க்கம் நகரில் இருக்கிற என் அலுவலகத்தில் பக்கத்து மேசை றெஜினா ஒரு நாள் தன் கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டாள். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கிருபனிடம் சொன்னேன்.

"குளிர் முடியட்டும் துர்க்கா. சின்னப் பெடியனா வந்த என்னை அக்காதானே வளத்தவ. அந்தப் பழைய பில்டிங்கிலை, உப்பிடிப் பிளாஸ்டிக் ஒட்டித்தான் என்னைக் குளிரிலை விடாமல் வைச்சிருந்தவ."

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அக்காவுக்கு நன்றி இருக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வீட்டில் என் சொல்லுக்கு இடம் உண்டா இல்லையா? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். அதைக் கிருபன் சொல்லவேண்டும், அக்கா காதுபடச் சொல்லவேண்டும்.

நான் சமைக்கிற குசினியின் யன்னலில் மட்டும் தாளைக் கிழித்தெறிந்தேன். அடுத்த நாள் வேலையால் வந்து பார்த்தால் மச்சாள் கதிரையில் ஏறி நின்று புதுத் தாளுக்கு டிரையர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், உதைக் கழட்டுங்கோ."

"கனடாக் குளிருக்கை யன்னல் திறக்கவேணும் எண்டு நிக்கிறவளை இப்பத்தான் பாக்கிறன்."

"என்ரை வீட்டிலை நான் திறப்பன், பூட்டுவன். உங்களுக்கென்ன?"

மச்சாள் டிரையரை நிறுத்தினார். "நான் தம்பியின்ரை வீடு எண்டெல்லோ நினைச்சன்."

கிருபன் அடுத்த அறையில்தான் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். எழும்பி வருவார் என்று நின்று பார்த்தேன். ரிவியின் சத்தம்தான் கூடியது.

சரி, பார்ப்போம் என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு முழுப் பை செத்தல் மிளகாயைத் தாச்சியில் கொட்டி வறுத்தேன். தூளுக்கு மிளகாய் வறுக்கிறதென்றால் முதலில் கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடவேண்டும், இது எங்கள் ஆட்களில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. நான் ஒன்றையும் திறக்கவில்லை. அடுப்பைக் கூட்டிவிட்டு, வாயையும் மூக்கையும் சால்வையால் கட்டிக்கொண்டு கிண்டினேன். தான் ஒட்டிய வீட்டுக்குள் மச்சாள் மூச்சுவிட்டுப் பார்க்கட்டும்.

முதலில் புகை அலாரம் கத்தியது. பிறகு மேலே மச்சாள் இருமத் தொடங்கினார். சும்மா இருமல் இல்லை, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வந்தது. பாதிப் படி இறங்கியவர் கைபிடியைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டார். எனக்கும் கண் எரிந்து நீர் ஓடியது. ஆனாலும் உள்ளுக்குள் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை நான் ஏன் மறைக்கவேண்டும்?

கிருபன் ஓடிவந்து குசினி யன்னல் தாளை ஒரே இழுவையில் கிழித்தார். பிறகு மற்ற யன்னல்கள். எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டார். இத்தனை நாளும் நான் கேட்டது அதைத்தான். தன் ஜக்கெற்றை அக்காவுக்குப் போட்டு, தோளில் அணைத்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் அங்கேதான் இருமிக்கொண்டு நின்றேன். என் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

காரில் சூட்டைப் போட்டு அக்காவை இருத்திவிட்டு உள்ளே வந்தார்.

"என்னத்துக்கு வறுத்தனீ?"

"தூள் முடிஞ்சுது."

அலுமாரியைத் திறந்தார். கடையில் வாங்கிய தூள் போத்தல் மூடி திறக்காமல் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"தம்பியின்ரை வீடு எண்டு அண்டைக்கு அவ சொன்னது உங்களுக்குக் கேட்டது தானே?" என்றேன். "அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?"

மேலே போனார். இறங்கி வந்தபோது ஒரு கையில் மச்சாளின் பை, மற்றக் கையிடுக்கில் இரண்டு தலையணைகள். ஒன்று எங்கள் கட்டிலில் அவர் வைத்துப் படுப்பது.

"எங்கை போறியள்?"

"அக்கான்ரை வீட்டிலை ஒரு அறை காய்ஞ்சிட்டுதாம்."

"அவவை விட்டிட்டு எப்ப வருவியள்?"

குனிந்து சப்பாத்தைப் போட்டார். நிமிர்ந்தபோது குரலில் கோபம்கூட இல்லை.

"இது உன்ரை வீடு துர்க்கா. நீ விரும்பின மாதிரித் திறந்து வைச்சிரு."

நான் அவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த சொல் அதுதான். கார் பின்னோக்கிப் போகிற சத்தம் எல்லா யன்னல்கள் வழியாகவும் நன்றாகக் கேட்டது.