நகலெடுக்கும் பெட்டியை நான் ஏன் வாங்கவில்லை

என் மனைவி ராபிகா பகலில் தூங்குபவள். ஆம்புலன்ஸ் நிலையத்தில் இரவு முழுக்க போன் எடுக்கிற வேலை. காலை ஒன்பது மணிக்கு வந்து படுத்தால் மாலை நான்கரைக்குத்தான் எழுவாள். எனக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை, மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். கஜகஸ்தானின் கரகண்டா நகரில் எங்கள் வீடு ஐந்து மாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கிறது. இரண்டே அறை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அதனால்தான் அங்கே குடியிருக்கிறேன். கல்யாணமாகி எட்டு வருடமாக, ஒரு மணியிலிருந்து நான்கரை வரை மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்கிறேன். தும்மல் வந்தால் பால்கனிக்குப் போய்விடுவேன். ஜனவரியிலும் அப்படித்தான்.

இதில் என் கஷ்டம், நான் கிடார் வாசிப்பவன். சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் எங்கள் குழு கலைந்தபோது, வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர் என் பங்குக்கு வந்தது. நாற்பத்திரண்டு கிலோ. மற்றவர்களுக்கு அதைத் தூக்குகிற முதுகு இல்லை. அதன் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினால் மட்டும் ஒரு சத்தம் வரும், லேசாகக் கரகரத்து, அழுகிறவன் சிரிக்க முயல்வதுபோல. பாதிக்குக் கீழே அது வெறும் வானொலிப் பெட்டி. எட்டு வருடமாக அது பாதிக்கு மேல் போனதில்லை. மதியம் ராபிகா தூங்குவாள், ஆம்ப்ளிஃபயரில் சொருகாமல் வெறும் கம்பியை மீட்டிக்கொள்வேன்; மாலைக்கு மேல் வாசித்தால் வேலை முடிந்து வந்த அக்கம்பக்கத்தார் சுவரைத் தட்டுவார்கள். மேலே ஒரு துணி விரித்து டிவியை வைத்திருந்தோம்.

நாங்கள் மன்றத்தில் வாசித்த ஏழு நிமிடப் பாட்டு ஒன்று உண்டு. யாரும் பதிவு செய்யவில்லை. எனக்கு ஐம்பத்து நான்கு வயது, இடது கை மோதிர விரல் காலையில் மடங்க மறுக்கிறது. அது முழுதாக மறுப்பதற்குள் அந்தப் பாட்டை அந்தச் சத்தத்தில் பதிவு செய்துவிட வேண்டும். வாழ்க்கையின் ஒரே ஆசை என்று சொன்னால் மிகை. மிச்சமிருந்த ஒரே ஆசை.

அதற்குத்தான் ஆம்ப் மாடலர் என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. கிடாரை அதில் சொருகினால் பெரிய ஆம்ப்ளிஃபயர் என்ன சத்தம் போடுமோ அதைத் தானே கணக்குப் போட்டு ஹெட்போனில் தரும். அங்கிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிடலாம். வெளியே கேட்பது விரல் கம்பியில் படுகிற ஓசை மட்டும். எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்தது போலிருந்தது.

எதை வாங்குவது என்று கேட்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் கெமெல். என் அக்கா மகன், கல்யாண விருந்துகளில் கீபோர்டு வாசிப்பவன். ஆனால் அவனிடம் கேட்பதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வழக்கத்தில் மருமகன் தாய்மாமன் வீட்டில் எதைக் கை காட்டினாலும் மாமன் மறுக்கக் கூடாது. ஜியென்குரிக் என்போம். எங்கள் குடும்பத்துக் கணக்கில் மூன்று தடவை, அதுவும் நாற்பது வயதுக்குள். மருமகன் மனம் நொந்து வாசல் தாண்டினால் மாமனுக்குக் கை நடுக்கம் வரும் என்பார்கள். கிடார்க்காரனை இதைவிடப் பயமுறுத்த முடியாது. கெமெல் இருபத்தோரு வயதில் என் தோல் கோட்டைக் கேட்டான், கொடுத்தேன். முப்பத்து மூன்றில் பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிளைக் கேட்டான், அதையும் கொடுத்தேன். ஒரு தடவை பாக்கி. மார்ச்சில் அவனுக்கு நாற்பது முடிகிறது. நான் அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனது பிப்ரவரியில்.

கடையில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். முதலாவதற்குள் விசிறி சுற்றியது, தள்ளி வைத்துவிட்டேன். இரண்டாவது வெள்ளை நிறம், எல்லாம் தொடுதிரையில். மூன்றாவதில் காலால் அழுத்த நான்கு இரும்புப் பொத்தான்கள். நான் கிடாரைச் சொருகாமல் பொத்தானை மட்டும் அழுத்தி அழுத்திக் காது கொடுத்துக் கேட்டேன். டக், டக். கடைப் பெண், அது ஆன் ஆகவில்லை என்றாள். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

"மூணாவதையே வாங்குங்க மாமா," என்றான் கெமெல். "அது நகலெடுக்கற பெட்டி. உங்க ஆம்ப் முன்னாடி ஒரு மைக்க வச்சு, அஞ்சு நிமிஷம் சத்தமா விட்டீங்கன்னா, அந்தச் சத்தத்த அப்படியே உள்ள வாங்கிக்கும். அப்புறம் எப்பவும் ஹெட்போன்ல அதே சத்தம்தான்."

"உங்க அத்தை தூங்குவாடா."

"ஒரு நாள் எழுப்புங்களேன்."

நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டேன். அவன் அதோடு விடவில்லை. மறுநாள் போன் செய்து மூன்றாவது பெட்டி என்றான். அடுத்த வாரம் அக்கா வீட்டில் குதிரைக்கறியை மென்றுகொண்டே மூன்றாவது பெட்டி என்றான். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மார்ச்சுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு மருமகன் மாமனை இப்படி ஒரே பொருளை வாங்கச் சொன்னால், அது மாமனுக்காக இல்லை. என் இரண்டு மாதச் சம்பளத்தில் தனக்கு ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறான் பயல். நான் என்ன இளிச்சவாயனா? மறுநாள் தனியாகப் போய் வெள்ளைப் பெட்டியை வாங்கினேன்.

வெள்ளைப் பெட்டிக்குள் இருநூறு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. என்னுடையது இல்லை. மூன்று வாரம் மதியமெல்லாம் திரையைத் தடவி ஒவ்வொன்றாகக் கேட்டேன். எண்பத்து நான்காவது கிட்டத்தட்ட இருந்தது. நூற்றுப் பதினேழு இன்னும் கிட்டத்தட்ட. பரவாயில்லை, கெமெலின் பிறந்தநாள் தாண்டட்டும், நிதானமாகச் சரிசெய்து பதிவு செய்யலாம் என்றிருந்தேன்.

பிறந்தநாளுக்கு முந்தைய நாள் மதியம் இரண்டு மணிக்கு அவன் வந்தான். வருவான் என்று தெரியும், பெட்டியைத் துணி துவைக்கிற இயந்திரத்துக்குள் வைத்து மேலே இரண்டு போர்வைகளைத் திணித்திருந்தேன். பால் விட்ட டீ கொடுத்தேன். எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் கிசுகிசுப்புதான், மருமகன் உரிமை கேட்பதும் கிசுகிசுப்பாகவே நடந்தது.

"மாமா, என் மூணாவதக் கேக்க வந்திருக்கேன். டிவிக்குக் கீழ இருக்கறது வேணும்."

துணியா என்று கேட்டேன். துணி இல்லை என்றான்.

வீட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒளிக்கத் தோன்றியது, அதை மட்டும் ஒளிக்கத் தோன்றவில்லை. கல்யாண மண்டபத்தில் எட்டுக் கீபோர்டு வைத்திருப்பவனுக்கு இது எதற்கு என்றேன்.

"கேரேஜ்ல வச்சு சத்தமா வாசிக்கப் போறேன். இங்க அது என்ன பண்ணுது? டிவிய சுமக்குது." டீயைக் கீழே வைத்தான். "அதுக்குத்தானே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், நகலெடுக்கற பெட்டிய வாங்குங்கன்னு. ஆம்ப் என்கிட்ட வந்தாலும் சத்தம் உங்ககிட்ட இருந்திருக்கும்."

"எடுக்கப் போறேன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பேனேடா."

"முன்கூட்டியே சொன்னா அது ஜியென்குரிக்கா மாமா? ஜப்தி நோட்டீஸ்."

அவன் சொன்னது சரி. அவன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

வண்டியில் மைக் இருக்கிறது, பத்து நிமிடம் வாசித்துப் பாட்டையாவது பதிவு செய்துகொள்ளுங்கள், அத்தையை நானே எழுப்புகிறேன் என்றான். நான் படுக்கையறைக் கதவைப் பார்த்தேன். முந்தைய இரவு பனிச் சாலையில் பஸ் ஒன்று கவிழ்ந்திருந்தது. காலையில் அவள் வந்தபோது தொண்டையில் குரலே இல்லை. வேண்டாம், தூக்கு என்றேன்.

எழுபது படிகள். ஒரு இடத்திலும் இடிக்காமல், சத்தமே இல்லாமல் இறக்கினோம். இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். நான் அவரைத் திருத்தவில்லை.

ராபிகா நான்கரைக்கு எழுந்து வந்தாள். டிவி தரையில் இருந்தது. அது எங்கே என்றாள். நடந்ததைச் சொன்னேன், துணி துவைக்கிற இயந்திரம் உட்பட. அவள் சிரிக்கவில்லை. வெள்ளைப் பெட்டியை எடுத்து வரச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாசி என்றாள். நூற்றுப் பதினேழில் வைத்துப் பாட்டின் தொடக்கத்தை வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இந்தப் பாட்டு எனக்குத் தெரியும்," என்றாள். "தினமும் தூக்கத்துல சுவரு வழியா கேக்கும். வெறும் கம்பி. டிங் டிங்னு, எட்டு வருஷமா. அதோட மீதி இதுதானா?"

"இல்ல. இது கிட்டத்தட்ட. மீதிய இப்பதான் படியில எறக்கினோம்."

"ஒரு நாள் என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"நீ தூங்கிட்டிருந்த."

"தூங்கத்தானே செஞ்சேன். செத்தா போயிருந்தேன்?"

இத்தனை வருடமும் அவளுக்காக ஒன்றை விட்டுக்கொடுத்து வருவதாக எனக்குள் ஒரு பெருமை இருந்தது. விட்டுக்கொடு என்று அவள் கேட்டதே இல்லை. பாதியை மட்டும் சுவர் வழியாகக் கொடுத்து, மீதியை டிவிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு மணிக்குத்தான் வேலை. இரவு உடைக்கு மேலேயே கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, கெமெலின் கேரேஜுக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டாள். கிடாரை எடு என்றாள்.

நான் கெமெலுக்குப் போன் போட்டு, வருகிறோம், ஆம்ப்பைச் சூடாக்கி வை, மைக்கை எதிரே வை என்றேன்.

"அத்தை எழுந்துட்டாங்களா?" அவன் அங்கிருந்தும் கிசுகிசுத்தான்.

"சத்தமாப் பேசுடா," என்றேன். "இங்கதான் பூட்ஸ் போட்டுக்கிட்டிருக்கா."