இரண்டாவது சாவி

போட்டில் கதைக்கிற ரேடியோ செட் ஒன்றைப் பீற்றர் கொண்டுவந்தார்; அதில் பேசும்போது அழுத்துகிற பொத்தான் சிக்கியிருந்தது. உப்பு. கற்பிட்டி ஐஸ் பெக்டரிக்குப் பக்கத்தில் முஃப்லிஹா வைத்திருக்கும் கடைக்கு வருகிற செட்டுகளில் பாதிக்கு இதுதான் வருத்தம்.

"துடைச்சுத் தா தங்கச்சி," என்றார் பீற்றர். "உள்ளுக்க ஒண்டையும் மாத்தாத."

"உள்ளுக்க எண்டா?"

"உள்ளுக்கதான். வேலை செய்யிறத ஏன் நோண்டுவான்?"

சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அந்தக் கரையில் போட் வைத்திருக்கிறவர்கள் கடலில் கதைப்பதைப் பூட்டித்தான் கதைப்பார்கள். எந்தப் பாரில், கடலடிப் பாறைத் திட்டில், மீன் நிற்கிறது என்பது வெளியே போய்விட்டால், மறுநாள் அந்தப் பாரில் மீனைவிட போட்டுகள் கூட நிற்கும். ஆகவே ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு சாவி. சாவி என்பது பத்து இலக்கம். ஒரே சாவி ஏற்றிய செட்டுகள் ஒன்றையொன்று கேட்கும். மற்றவற்றில் மணல் கொட்டுகிற இரைச்சல்தான் வரும். எல்லாருடைய சாவியையும் செட்டுகளில் ஏற்றுகிறவள் முஃப்லிஹா. அவள் வாய் இறுக்கமானவள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கடை ஓடியது.

பொத்தானைக் கழற்றி உப்பைச் சுரண்டினாள். செட்டை மீற்றரில் மாட்டிப் பார்த்தாள். சக்தி சரி. அலைவரிசை சரி. குரலைச் சோதிக்கத் திருகியைத் திருப்பினாள். அது ஒன்றைத் தாண்டி இரண்டில் போய் நின்றது. ஓர் இடத்துக்கு ஒரு சாவி; பீற்றரின் செட்டில் இரண்டாம் இடம் வெறுமையாக இருக்க வேண்டும்.

"சோளகக் காத்துப் பலக்குது, யூட். பாருக்குத் தெக்கால நில்லாத. அப்பாட்டச் சொல்லு, மருந்த வீட்டுல விட்டிட்டுப் போயிட்டார் எண்டு."

யூஜீனியாவின் குரல். இன்னொரு போட் முதலாளி மனுவேலின் மனைவி. வீட்டுச் செட்டில் இருந்து தினமும் காலையில் மகன் யூட்டோடும் தங்கள் போட்டுகளோடும் கதைக்கிறவள்.

முஃப்லிஹாவுக்குக் காது சூடாகியது. நோன்பு மாதத்தில் நடந்தது அது. ஒரு செட்டின் குரலைச் சோதிக்க இன்னொரு செட் வேண்டும், இரண்டிலும் ஒரே சாவி இருக்க வேண்டும். அதற்கென்று கடைச் செட் ஒன்று உண்டு. அன்று அது பழுது. மேசையில் மனுவேலின் செட் கிடந்தது. அதன் சாவியைப் பீற்றரின் செட்டில் இரண்டாம் இடத்தில் ஏற்றி, இரண்டையும் பேச வைத்துப் பார்த்தாள். பிறகு அழித்திருக்க வேண்டும். நோன்பு திறக்க நேரமாகிவிட்டதென்று எழும்பி ஓடியவள் அதை மறந்துபோனாள்.

இப்போது அழித்துவிட்டால் முடிந்தது. ஈ காக்கைக்கும் தெரியவராது. விரலை விசைக்குக் கொண்டுபோய், எடுத்துவிட்டாள்.

பின்னேரம் பீற்றர் வந்தார்.

"அண்ணன், ரெண்டுல என்ன கிடக்கெண்டு தெரியுமா?"

பீற்றர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீ தந்த அண்டைக்கே. கை தவறித் திருப்பினன். அக்கா கதைச்சா."

யூஜீனியா அவருடைய கூடப்பிறந்த அக்கா. அப்பாவின் போட்டைக் கேட்காமல் விற்றுவிட்டான் என்று மூன்று வருடமாக அவரோடு கதைப்பதில்லை. கோயிலில் அவர் உட்காரும் பக்கத்துக்கே வரமாட்டாள்.

"மனுவேல் அண்ணன்ட பாரும் தெரிஞ்சிருக்குமே."

"தெரியும். என்ட போட் ஒரு நாளும் அங்க போகல்ல. ஆரிட்டயும் கேட்டுப் பார்."

"நான் கேக்க ஒண்டுமில்ல. எல்லாரும் என்னட்டத்தானே கேப்பாங்க."

"அப்ப அழிச்சிட்டுச் சும்மா இரு. நானும் வாய் திறக்கமாட்டன்." கொஞ்ச நேரம் திருகியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலமை மட்டும் கேக்க விடு. யூட்டுட பிள்ளைக்கு ஞானஸ்நானம் வருது. பேர் என்னெண்டு நாளைக்குச் சொல்றன் எண்டவ."

"ஏலாது அண்ணன். செட் இஞ்ச இருக்கட்டும்."

அவர் சண்டை பிடிக்கவில்லை. போனார்.

காலையில் கடையைத் திறக்காமல் மனுவேலின் வீட்டுக்குப் போனாள். மனுவேல் கடலில். யூஜீனியா குசினியில் செட்டுக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முஃப்லிஹா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மிச்சம் வராது என்று தெரிந்திருந்தது.

யூஜீனியா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எல்லாத்தையும் கேட்டானா?"

"ஓம் அக்கா."

"மூதேவி எண்டு ஏசினன் அவன."

"அதையும் கேட்டிருப்பார்."

"ரெண்டு தரம் ஏசினன்."

"ரெண்டையும்தான்."

"நல்லது," என்றாள் யூஜீனியா. மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். "இவ்வளவையும் கேட்டுக்கொண்டு ஒரு சொல்லுக் கதைக்கல்லயே, படுபாவி."

"கதைச்சாப் பிடிபட்டிருவாரே. இண்டைக்குப் பிள்ளைட பேரைக் கேக்க ஆசப்பட்டார். நான் விடல்ல."

யூஜீனியா மூக்கை உறிஞ்சினாள். வெங்காயத்தைத் தள்ளி வைத்தாள்.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்னாய்?"

"உங்கட சாவி எனக்குத்தானே தந்தது."

"மனுவேல் குதிப்பார்."

"குதிக்கட்டும் அக்கா. அவர்ட சாவி."

"சரி. எங்கட செட் எல்லாத்துக்கும் புதுசு போடு. பழசு..." வாசல் பக்கம் பார்த்தாள். "பழசு இந்த வீட்டுச் செட்டில ரெண்டில கிடக்கட்டும். அவன்ட செட்டிலயும் அழிக்காத."

"மனுவேல் அண்ணன் கேட்டா?"

"கேட்டாக் கேக்கட்டும். நான் இருக்கன்."

மனுவேல் மறுநாள் வந்தார். போட் செட்டுகளையும் வீட்டுச் செட்டையும் கூடையில் போட்டுத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். உட்காரவில்லை.

"வேற ஆக்கள்ட செட்டிலயும் இப்பிடிக் கிடக்கா?"

"எல்லாரையும் கொண்டுவரச் சொல்லியிருக்கன். இதுவரைக்கும் இல்ல."

"ஏனெண்டு சொன்னியா?"

"சொன்னன். றொபி அண்ணன் இனிச் சிலாபத்துக் கடையில பாக்கிறன் எண்டிட்டார்."

"நானும் சிலாபத்துக்குத்தான் வெளிக்கிட்டன். யூஜீனியா விட்டாத்தானே." சாவி ஏற்றுகிற கணினிக்கு முன்னால் வந்து நின்றார். "சாவிய நானே அடிக்கிறன். நீ அங்கால பார்."

முஃப்லிஹா சுவரைப் பார்த்துத் திரும்பினாள். பின்னால் ஒற்றை விரல் தட்டுகிற சத்தமும், மூச்சுக்குள் எண்களை முணுமுணுக்கிற சத்தமும் கேட்டன. ஒவ்வொரு செட்டாக மாட்டிக் கழற்றினார்.

"முடிஞ்சுது."

சோதித்தாள். ஒரு போட் செட்டில் மணல் கொட்டியது.

"எங்கயோ ஒண்ட மாத்தி அடிச்சிட்டீங்க."

"நான் மாத்தல்ல. உன்ட மெசின்தான்."

"சொல்லுங்க, நான் அடிக்கிறன்."

"சொல்லமாட்டன். திரும்பு."

திரும்பினாள். மறுபடி தட்டினார். மறுபடியும் மணல். இம்முறை இரண்டு செட்டில்.

மனுவேல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கடைக்குள் வேறு யாரும் இல்லை. வெளியே ஐஸ் ஏற்றுகிறவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அடி," என்றார். குரலைத் தாழ்த்தி, பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் அடித்தாள். எல்லாச் செட்டும் ஒன்றையொன்று கேட்டன.

கடைசியாக வீட்டுச் செட்டின் இரண்டாம் இடத்திலும் அவள் ஒரு சாவியை ஏற்றியபோது மனுவேல் திருகியைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டில என்ன?"

"பழைய சாவி. அக்கா வைக்கச் சொன்னா."

"ஆரோட கதைக்க?"

முஃப்லிஹா மற்றச் செட்டுகளைக் கூடையில் அடுக்கினாள். மனுவேல் திருகியை ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இதச் சோதிச்சியா?"

"இல்ல. சோதிக்க மற்றச் செட்டும் வேணும். அது பீற்றர் அண்ணன்ட."

"எங்க?"

"உங்கட கைக்குப் பக்கத்திலதான்."

மனுவேல் அந்தச் செட்டைப் பார்த்தார். "சோதி. பிழையான செட்ட வீட்ட கொண்டு போனா அவள் என்னத்தான் ஏசுவாள்."

முஃப்லிஹா இரண்டு செட்டையும் இரண்டாம் இடத்தில் வைத்து, பீற்றரின் செட்டை மனுவேலிடம் விட்டு, வீட்டுச் செட்டைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பொத்தானை அழுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள்.

மறுபடியும் எண்ணினாள். பிறகு, பீற்றரின் செட்டில் மனுவேல் பேசுகிற குரல் அவள் கையில் இருந்த செட்டில் வந்தது.

"கேக்குது," என்றார். "தெளிவாக் கேக்குது."