கோயில் வாசலும் செனட்டரின் மச்சானும்

டாலஸ் பக்கத்துக் காப்பெலில் இருக்கும் வசந்தாமணிக்கு அரசியல் ஆசை என்று எதுவும் இருந்ததில்லை. குடியுரிமை வாங்கிய கையோடு பக்கத்து வீட்டு டோனா அவளை ரிபப்ளிகன் கிளப் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரி குறைய வேண்டும், அரசாங்கம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கக் கூடாது, உழைத்தவன் காசு உழைத்தவனிடம் இருக்க வேண்டும் என்று அங்கே பேசினார்கள். கோபியில் மஞ்சள் வியாபாரம் செய்த அவளுடைய அப்பாவும் சோற்றுத் தட்டின் முன்னால் இதையேதான் பேசுவார். அவளுக்கு உடனே பிடித்துப்போனது. இரண்டு வருடத்தில் அந்த வட்டாரத்துக்குக் கட்சியின் பிரீசிங்ட் சேர், அதாவது பொறுப்பாளர், ஆகிவிட்டாள். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். டெக்சாஸ் வெயிலில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிற வேலை. வேறு யாரும் சம்மதிக்காததால் அவள் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மணியடிப்பாள். டோனா சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனாள்.

வினை ஒரு சனிக்கிழமைக் காலைச் சிற்றுண்டியில் வந்தது. அவர்கள் எல்லோரும் அலைந்து ஜெயிக்க வைத்த மாநில செனட்டர் வார்டெல் அன்று கிளப்புக்கு வந்திருந்தார். நெடுஞ்சாலை ரிப்பேர் வேலை முழுவதும் டெண்டரே இல்லாமல் அவருடைய மச்சான் கம்பெனிக்குப் போகிறதாமே என்று டோனா கேட்டுவிட்டாள். மனிதர் மறுப்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். ஆமாம், டிபார்ட்மெண்டில் நான்தான் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன், நம்பிக்கையான ஆளுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு என்றார். பாதிப் பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். வசந்தாமணி கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். எதிர்க்கட்சிக்காரன் செய்திருந்தால் இதே ஆட்கள் தெருவில் இறங்கியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவளும் டோனாவும் மாவட்ட மாநாட்டுக்கு ஒரு கண்டனத் தீர்மானம் தயார் செய்தார்கள். தங்கள் கட்சி, தங்கள் ஆள், தங்கள் கண்டனம். கிளப்பில் சிலர் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அதை அவள் பொருட்படுத்தவில்லை. வீட்டில்தான் சிக்கல்.

அவள் கணவர் கிட்டுசாமி முருகன் கோயில் கமிட்டிச் செயலாளர். கோயிலுக்கு நெடுஞ்சாலையிலிருந்து நேரே ஒரு வழி வேண்டும் என்று மாநில அரசிடம் அனுமதி கேட்டிருந்தார்கள். இப்போது எல்லோரும் பின்பக்கத்து ஒற்றைச் சந்து வழியாகத்தான் வருகிறார்கள். தைப்பூசத்தன்று கார்கள் நகராமல் பாதிப் பேர் சாமி பார்க்காமலே திரும்பினார்கள். அனுமதியை முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தவர் இதே வார்டெல்.

"ஏம்மா வசந்தா, நாலு வருஷமா அலையறோம். இப்பத்தான் approve ஆகற stage-ல இருக்குது. மாநாட்டுல நீ வாயத் தொறந்தா போச்சு," என்றார் கிட்டுசாமி.

"தப்புன்னு தெரிஞ்சும் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"தப்பு இல்லைன்னு நான் சொன்னனா? வேற யாராச்சும் பேசட்டும்ங்கறேன்."

"வேற யாருங்க இருக்காங்க?"

கிட்டுசாமியும் மாநாட்டில் ஓட்டுள்ள ஒரு பிரதிநிதிதான். ஆள் குறைகிறதே என்று அவள்தான் அவர் பெயரையும் சேர்த்திருந்தாள். மாநாட்டுக்கு வருகிறேன், எதிர்த்தும் ஓட்டுப் போட மாட்டேன், ஆதரித்தும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரை வற்புறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

மாநாடு ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. வசந்தாமணி மைக்கைப் பிடித்தாள். பேச்சு நீளவில்லை. "டாலஸ்ல எங்க எல்லாருக்கும் மச்சான் இருக்காங்க. யாருக்கும் டெண்டர் இல்லாம வேலை கிடைக்கல. அரசாங்கம் சின்னதா இருக்கணும்னு கதவு கதவாத் தட்டிச் சொன்னேன். அதை நம்பி ஓட்டுப் போட்டவங்க முகத்துல நான் இனி எப்படி முழிப்பேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டலும் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. குரல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் அதிகம் என்று தெரியாததால், ஆதரிப்பவர்கள் மட்டும் எழுந்து நிற்கும்படி தலைவர் சொன்னார்.

வசந்தாமணி எழுந்தாள். டோனா எழுந்தாள். அங்கங்கே ஆட்கள் எழுந்தார்கள். கிட்டுசாமி குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மதியம் பேச வேண்டிய செனட்டர் முன்கூட்டியே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பெரிய மனிதர் யாராவது உள்ளே நுழைந்தால் கிட்டுசாமியால் உட்கார்ந்திருக்க முடியாது. பிறந்த ஊர் அப்படி. ஆபீசில் டைரக்டர் வந்தால் எழுவார், மகள் பள்ளிக்கூடத்தில் பிரின்சிபால் வந்தால் எழுவார். இப்போதும் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். எண்ணிக்கொண்டு வந்த பெண் அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு நகர்ந்தாள்.

செனட்டர் கையை நீட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில்தான் நிற்பவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. சிரிப்பு மட்டும் மாறவில்லை. கிட்டுசாமியின் தோளில் கைபோட்டு மெல்லக் கேட்டார்: "கிட்டு, நீயுமா? உன் கோயில் வழியைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு. உட்காரு."

பக்கத்திலிருந்த வசந்தாமணிக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். உட்கார்ந்தாலும் கோபப்படக் கூடாது என்று மனதைத் தயார் செய்துகொண்டாள்.

கிட்டுசாமியின் முகம் சிவந்தது. நட்புக்காகச் செய்கிறார் என்று நாலு வருடமாக நம்பியது விலை பேசப்பட்ட சரக்கு என்பது அவருக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

"ரூல் படி கிடைக்கணும்னா கிடைக்கட்டும் சார். உங்க தயவுல வேண்டாம்," என்றார். நாக்குத் தடுமாறியது. ஆனால் உட்காரவில்லை.

தீர்மானம் சொற்ப வித்தியாசத்தில் நிறைவேறியது. கட்சியே தன் ஆளைக் கண்டித்தது என்று டாலஸ் செய்திகளில் வந்தது. மாநிலத் தணிக்கைத் துறை அந்தச் சாலை வேலைகளைத் தோண்ட ஆரம்பித்தது. கோயில் விண்ணப்பமும் அடுத்த மாதமே திரும்பி வந்துவிட்டது. போக்குவரத்து ஆய்வை முதலிலிருந்து செய்ய வேண்டுமாம்.

கோயில் ஹாலில் கூடிய கமிட்டியில் தலைவர் பிச்சுமணி குதித்தார். "நாலு வருஷ வேலை! எல்லாம் உங்க வீட்டம்மா மைக் பிடிச்சதாலதானே கிட்டுசாமி? நீங்க ஒரு வார்த்தை சொல்லி stop பண்ணியிருக்கலாமே?"

"அவளை மட்டும் சொல்லாதீங்க. நானும் ஓட்டுப் போட்டேன்," என்றார் கிட்டுசாமி.

"நீங்களுமா? தெரிஞ்சேவா?"

"நல்லா யோசிச்சுத்தானுங்க எந்திரிச்சேன்."

ஹாலின் பின்னால் பிரசாதக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த வசந்தாமணியின் கை நின்றது. அவர் எந்த லட்சணத்தில் யோசித்து எழுந்தார் என்பதை அவளைப் போல அறிந்தவர்கள் அந்த ஹாலில் யாரும் இல்லை. முருகன் கோயிலுக்குள்ளேயே நின்று மனிதர் கூசாமல் பொய் சொல்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருடத்தில் அவரை இவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் கிண்ணம் பொங்கலை எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தாள்.