அண்ணன் சொல்லாம விட்டது

சீப்பு நுனி நெத்தியிலேர்ந்து உச்சிக்கு நேரா ஓடுது, ஆடாதட்டின்னு அண்ணன் என் காத லேசாத் திருகுதான், ஆடினா வகுடு நம்ம ஊரு வாய்க்கா மாதிரி வளைஞ்சிரும்னு சொல்லுதான், நான் சிரிக்கேன், அம்மா விடியறதுக்கு முன்னாலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் பெருக்கப் போயிருவா, அதனால மூணாங்கிளாஸ்லேர்ந்து அவன்தான் எனக்கு ரெட்டச் சடை போட்டு விடுவான், ரிப்பனப் பல்லுல கடிச்சுக்கிட்டே பேசுவான், வார்த்தையெல்லாம் கொழகொழன்னு வரும், இப்பவும் கண்ண மூடினா அந்த வெரலு தலைக்குள்ள நடக்குது, பக்கத்துல அம்மா தூங்குதா, இத நான் யார்ட்டயும் சொல்லல, இருட்டுக்கிட்டதான் சொல்லுதேன், டெய்லர் ஞானசிகாமணி மாமாவ வெட்டுன அருவாளப் புடிச்சதும் அதே வெரலுதான்.

மாமா தையக்கடையில மிஷினு பக்கத்துலயே பைபிள் வச்சிருப்பாரு, அளவெடுக்கும்போதே வாய் ஜெபம் சொல்லும், எங்க தெருவுல மூணு வீடு கிறிஸ்தவ வேதத்துக்கு மாறுனதுக்கு அவருதான் காரணம்னு அண்ணன்கூடச் சுத்துன ஆளுங்க சொன்னாங்க, சாமிக்காக ஒருத்தன் செய்யணும்ல சுடலைமணின்னு சொன்னாங்க, அண்ணன் செஞ்சிட்டான், அதுக்கு ரெண்டு வாரம் முந்திதான் மாமா எனக்கு யூனிஃபார்ம் தச்சுக் குடுத்தாரு, வளர்ற புள்ள, உள்ள மூணு மடிப்பு வச்சிருக்கேன், வளர வளர ஒங்கம்மாவப் பிரிச்சு விடச் சொல்லுன்னாரு.

மூணு வருசம் கேசு நடந்துச்சு, குத்தவாளின்னு தீர்ப்பு சொல்லியாச்சு, தண்டன என்னங்கிறதுதான் பாக்கி, வக்கீல் சாரு அம்மாட்ட சொன்னாரு, பொண்ணு யூனிஃபார்ம் போட்டு ஜட்ஜு கண்ணுல படுற மாதிரி உக்காரட்டும், ஏதாவது சொல்லணுமான்னு அவரு கேப்பாரு, அப்பன் இல்ல, படிக்கிற தங்கச்சி இருக்கா, புத்தி கெட்டுச் செஞ்சிட்டேன்னு ஒம் மவன் சொன்னா ஆயுளு, சாமிக்காக இன்னொருக்காவும் செய்வேன்னு வாயத் தொறந்தான்னா தூக்குதான்னாரு. அம்மா கடைசி மடிப்பையும் பிரிச்சா, பிரிச்ச எடத்துல வெயில் படாத துணி புது நீலமாக் கோடு போட்டிருந்துச்சு, கோர்ட்டு பெஞ்சுல எனக்கு அந்தப் பக்கம் மாமாவோட சம்சாரம், அந்தக் கோட்டையே பாத்துட்டு, எல்லா மடிப்பும் பிரிச்சாச்சான்னு மெதுவாக் கேட்டாவ, வைவாவன்னு நெனச்சேன், வையல, ஆமா அத்தேன்னேன், மூஞ்சத் திருப்பிக்கிட்டாவ.

ஜட்ஜு கேட்டாரு. அண்ணன் கூண்டுக்குள்ள நின்னு என்னயப் பாத்தான், பள்ளிக்கூட வாசல்ல விட்டுட்டு நான் உள்ள போற வரைக்கும் பாப்பாம்லா, அதே மாதிரி, பெறவு சொன்னான், ஐயா, என் தங்கச்சிய வெளிய போச் சொல்லுங்க, அவ போனதும் சொல்லுதேன்.

வக்கீல் சாரு பேனாவக் கீழ வச்சிட்டாரு, எனக்குத் தெரிஞ்சு போச்சு, எனக்கு முன்னால சொல்ல முடியாதது அவங்கிட்ட என்ன இருக்கு, பொம்பள போலீசு வந்து வாம்மான்னு தோளத் தொட்டுச்சு, நான் பெஞ்சுக் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு போமாட்டேன்க்கான்னேன், கம்பி நழுவுது, கையெல்லாம் வேர்வை, அந்தப் புள்ள இருக்கட்டும், நீ சொல்லுப்பான்னாரு ஜட்ஜு, அவன் வாயத் தொறந்தான், ஃபேன் சுத்துது, மறுபடி மூடினான், மூக்க உறிஞ்சினான், ஒண்ணுமில்லய்யான்னான்.

ஆயுளு. அம்மா தரையில விழுந்து ஜட்ஜக் கும்பிட்டா, நீ இருந்ததால தப்பிச்சான்மான்னு வக்கீல் சாரு சொன்னாரு, அத்த யாரையும் பாக்காம எந்திரிச்சுப் போனாவ, வராண்டாவுல போலீஸ்காரரு ரெண்டு நிமிசம் எங்கள நிக்க விட்டாரு, யாருட்டி சடை போட்டா, வகுடு கோணலாக் கெடக்குன்னு அண்ணன் கேக்கான், நானாத்தான் போட்டேன்னேன், நான் வெளிய போயிருந்தா என்ன சொல்லிருப்பன்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு, கேக்கல, கேட்டா சொல்லிருவான், எங்கிட்ட பொய் சொல்ல அவனுக்கு வராது, கை என் தலைக்கு வருது, காலு பின்னால போவச் சொல்லுது, நான் குனிஞ்சு குடுக்கேன், அவன் ஒத்த வெரலால முடிய ஒதுக்கி ஒதுக்கி நேராக்குதான், நான் ஆடாம நிக்கேன்.